பாட்டு ஒரு நாள், பாத்தி தினந்தோறும்

சுவரில் ஓவியம், தெருவில் பாட்டு, தொட்டியில் செடி. பெங்களூரின் சுற்றுச்சூழல் போராட்டங்கள் பிடித்திருக்கும் வழி புதிதல்ல. அந்த ஊரின் தோட்டக்காரர்களும் குயவர்களும் எப்போதோ நடந்த வழிதான்.

சென்னையிலிருந்து வரும் ரயில் பையப்பனஹள்ளியைத் தாண்டி கண்டோன்மென்ட்டை நெருங்கும்போது 'பெங்களூர் ஈஸ்ட்' என்ற சின்ன நிலையத்தைக் கடக்கும். பெரும்பாலான எக்ஸ்பிரஸ் ரயில்கள் அங்கே நிற்பதில்லை. பயணிகளும் அந்த நேரத்தில் பெட்டிகளை இறக்குவதில் மும்முரமாக இருப்பார்கள். அந்த நிலையத்திலிருந்து சற்றுத் தூரத்தில், காக்ஸ் டவுன், குக் டவுன், லிங்கராஜபுரம், மாருதி சேவா நகர் ஆகிய பகுதிகளுக்கு நடுவே நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறது ஜீவனஹள்ளி.

பெயரில்தான் ஹள்ளி, அதாவது கிராமம். நகரம் அதை விழுங்கிப் பல காலமாகிவிட்டது. 1809-ல் பிரிட்டிஷார் கண்டோன்மென்ட்டை அமைத்தபோது சிப்பாய்களாகவும் கூலிகளாகவும் வியாபாரிகளாகவும் வந்த தமிழர்களின் வம்சாவளியினர் வாழும் கிழக்குப் பெங்களூரின் ஒரு துண்டு இது. தெருவில் தமிழ் கேட்கிறது. கன்னடம், தெலுங்கு, உருது எல்லாம் கலந்தும் கேட்கிறது. இரண்டு ஆட்டோக்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டிய சந்துகள். வீடு கட்டியதுபோக மிச்சமிருக்கும் இடம், வாசற்படியும் மொட்டை மாடியும்தான். அந்த வாசற்படியிலும் துளசி, கற்பூரவல்லி, ஒரு ரோஜா. பெயிண்ட் டப்பாவிலும் சிமென்ட் சாக்கிலும் உடைந்த பிளாஸ்டிக் பக்கெட்டிலும் மண்ணை நிரப்பி வளர்த்தவை.

இந்தப் பூந்தொட்டிகளுக்கு ஒரு சோதனை வந்தது. 2024 மார்ச்சில் நகரம் தண்ணீருக்குத் தவித்தது. ஆயிரக்கணக்கான ஆழ்துளைக் கிணறுகள் வறண்டன. குடிநீரைக் கார் கழுவவோ தோட்டத்துக்குப் பாய்ச்சவோ பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. 'தோட்ட நகரம்' என்று பெயர் வாங்கிய ஊரில் செடிக்குக் குடிநீர் ஊற்றுவது குற்றமாயிற்று. அரிசி களைந்த தண்ணீரைத் துளசிக்கு ஊற்றிப் பழகிய வீடுகளுக்கு இந்த உத்தரவு பெரிய விஷயமில்லை. ஆனால் அது எழுப்பிய கேள்வி பெரிது. இத்தனை ஏரிகள் வெட்டிய ஊர், நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து காவிரியை மேலேற்றிக் குடிக்கும் நிலைக்கு வந்தது எப்படி?

களிமண் கணக்கு

விடையின் ஒரு பகுதி, ஜீவனஹள்ளிக்கு அதிகத் தொலைவில் இல்லாத பாட்டரி டவுனில் கிடைக்கிறது. பிரிட்டிஷ் காலத்திலிருந்து குயவர் குடும்பங்கள் வாழும் பகுதி அது. அவர்களில் பலர் தமிழர்கள். விநாயகர் சதுர்த்திக்கு முன்பு தெருவெங்கும் சாம்பல் நிறப் பிள்ளையார்கள் வரிசையாகக் காய்வார்கள். அது முடிந்தால் தீபாவளிக்கு அகல் விளக்கு. மற்ற மாதங்களில் பூந்தொட்டி, தந்தூர் அடுப்பு.

இந்தத் தொழிலின் மூலதனம் ஏரி மண். பெங்களூரில் பெரிய ஆறு கிடையாது. மேட்டில் விழும் மழையைத் தேக்க ஒன்றின் கீழ் ஒன்றாக ஏரிகளை வெட்டி, ஒன்று நிரம்பினால் அடுத்ததற்குப் போகும்படி 'ராஜகாலுவே' என்ற கால்வாய்களால் இணைத்திருந்தார்கள். கோடையில் நீர் வற்றும். குயவர் களிமண்ணை அள்ளிப் போவார். விவசாயி வண்டலை அள்ளி வயலுக்கு அடிப்பார். மாடு வைத்திருப்பவர் கரையில் புல் அறுப்பார். சலவைத் தொழிலாளியும் மீன் பிடிப்பவரும் தங்கள் பங்குக்கு வருவார்கள். தூர் வாருவதற்கு டெண்டர் விட வேண்டிய அவசியமே இல்லை. அவரவர் பிழைப்பு அந்த வேலையைச் செய்தது.

ஏரிகள் லே-அவுட்களாக மாறியபின் பாட்டரி டவுனுக்குக் களிமண் வெகு தூரத்திலிருந்து லாரியில் வருகிறது, விலையும் ஏறிவிட்டது. போட்டிக்குப் பளபளப்பான பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பிள்ளையார்கள் வந்தார்கள். நீரில் கரையாமல் ஏரியின் அடியில் தங்கும் அந்தச் சிலைகளுக்குக் கர்நாடக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2016-ல் தடை விதித்தது. அதன்பிறகும் ஆண்டுதோறும் சதுர்த்தி நெருங்கும்போது தடையை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. களிமண் பிள்ளையார் செய்யக் குழந்தைகளுக்குப் பள்ளிகளிலும் குடியிருப்புகளிலும் பயிற்சி நடத்துகிறார்கள். குயவர்களுக்கு அது பரம்பரைத் தொழில். நகரம் அதற்குச் 'சூழல் விழிப்புணர்வு' என்று புதுப் பெயர் வைத்திருக்கிறது.

கரகம் தேடும் ஏரி

கலையும் தோட்டமும் ஏரியும் ஒன்றாக நின்ற காலத்துக்கு இன்னொரு சாட்சி, ஊரின் மிகப் பழைய திருவிழா. சைத்ர மாதப் பௌர்ணமி இரவில், நள்ளிரவு தாண்டியபின், திகளர்பேட்டை தர்மராயசுவாமி கோயிலிலிருந்து கரகம் புறப்படும். பெண் வேடம் பூண்ட பூசாரி, மல்லிகைச் சரங்களால் மூடிய உயரமான கரகத்தைக் கையால் தொடாமல் தலையில் தாங்கி நடப்பார். சுற்றிலும் உருவிய வாளோடு வீரகுமாரர்கள். காட்டன்பேட்டையில் மஸ்தான் தர்காவில் நின்று மரியாதை பெற்றுவிட்டுத்தான் ஊர்வலம் மேலே செல்லும். கரகமாக வருபவள் திரௌபதி. ஆற்காட்டுப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களையும் பாரதக் கூத்தையும் தீமிதியையும் அறிந்த தமிழருக்கு இதில் பாதி பழகிய காட்சியாகவே இருக்கும்.

விழாவை நடத்தும் திகளர்கள் தமிழ் வேர் கொண்ட சமூகம். பரம்பரைத் தோட்டக்காரர்கள். ஹைதர் அலி 1760-ல் தொடங்கிய லால்பாக்கின் வரலாற்றோடும் அவர்கள் பெயர் சேர்ந்தே பேசப்படுகிறது. பழைய பெங்களூரின் காய்கறியும் பூவும் அவர்கள் ஏரிப் பாசனத்தில் விளைவித்தவை. அந்த ஏரிகளில் ஒன்று சம்பங்கிக் கெரே. 1896-ல் ஹெசரகட்டாவிலிருந்து குழாய்த் தண்ணீர் வந்ததும் நகருக்குள் இருந்த ஏரிகள் அதிகாரிகளின் கண்ணில் கொசு வளர்க்கும் குட்டைகளாகிவிட்டன. ஏரியை வற்றவிட்டால் தங்கள் பயிர் போய்விடும் என்று தோட்டக்காரர்கள் முறையிட்டதைப் பழைய ஆவணங்கள் சொல்கின்றன. முறையீடு எடுபடவில்லை. சம்பங்கிக் கெரே இருந்த இடத்தில் இன்று கண்டீரவா ஸ்டேடியம் நிற்கிறது. 1997-ல் தேசிய விளையாட்டுப் போட்டி நடந்த அதே மைதானம்தான்.

ஓரத்தில் ஒரு சிறு நீரிடம் மட்டும் தப்பியது. காரணம் கரகம். விழாச் சடங்குகளில் ஒன்று அந்த ஏரிக்கரையில் நடந்தாக வேண்டும். எனவே, மிச்சமிருக்கும் அந்த நீரைத் தேடித் திகளர்கள் ஆண்டுதோறும் வருகிறார்கள். மனு கொடுத்துக் காப்பாற்ற முடியாத ஏரியின் ஒரு கையளவைத் திருவிழா காப்பாற்றிவிட்டது.

மற்ற ஏரிகளுக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. தர்மாம்புதி, மெஜஸ்டிக் பஸ் நிலையமாயிற்று. சூளே ஏரி கால்பந்து மைதானம். அக்கித்திம்மனஹள்ளி ஏரி ஹாக்கி மைதானம். வாழ்ந்துகொண்டிருக்கும் ஏரிகளுக்கும் வாழ்வு சுகமாக இல்லை. பெல்லந்தூர் ஏரி 2015-ல் நுரை கக்கியது. அதே ஆண்டில் தீப்பிடித்தது. 2017-லும் 2018-லும் மறுபடி எரிந்தது. ஜீவனஹள்ளிக்கு அருகிலிருக்கும் பெரிய நீர்நிலை அல்சூர் ஏரி. 18 ஆண்டுகள் மூடிக் கிடந்து 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை அதன் கரையில்தான் இருக்கிறது. கடவுள் வாழ்த்தை அடுத்து மழைக்கென்றே ஓர் அதிகாரம் வைத்த புலவரின் எதிரில், 2016 மார்ச்சில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன.

பெயிண்ட் பக்கெட் போராளிகள்

நகரத்தின் கோபம் கோஷமாக மட்டும் வெளிப்படவில்லை. கர்நாடகத்தில் அதற்கு முன்னுதாரணம் உண்டு. 1983-ல் சிர்சி அருகே சல்கனியில் மரங்களைக் கட்டிப்பிடித்துத் தொடங்கிய 'அப்பிகோ' இயக்கம், யட்சகானத்தையும் நாட்டுப் பாடலையும் துணைக்கு வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனது. தலைநகரம் இந்தப் பாடத்தைத் தாமதமாகக் கற்றது.

2005-ல் பெங்களூர் ஃபிலிம் சொசைட்டி தண்ணீருக்கென்றே சர்வதேசத் திரைப்பட விழாவைத் தொடங்கியது. ஜீவனஹள்ளியின் அண்டைப் பகுதியான மாருதி சேவா நகர்தான் அந்த அமைப்பின் அஞ்சல் முகவரி. 2010-ல் சர்ச் தெருவில் 'தி அக்ளி இண்டியன்' என்ற பெயரில் முகம் காட்டாத ஒரு குழு கிளம்பியது. பேசாதே, வேலையைச் செய் என்பது அவர்களின் கொள்கை. குப்பை கொட்டும் மூலையைக் காலையில் கூட்டிச் சுத்தம் செய்வார்கள். சுவரின் கீழ்ப்பகுதிக்குச் செம்மண் நிறம் அடிப்பார்கள். முன்னால் செடித் தொட்டி வைப்பார்கள். அழகான இடத்தில் குப்பை போடக் கை கூசும் என்பது கணக்கு. பல இடங்களில் கணக்குச் சரியாக வந்தது. பிறகு மேம்பாலத் தூண்களிலும் முக்கோண வடிவங்கள் ஏறின.

2014 பிப்ரவரியில் 'நெரளு' வந்தது. கன்னடத்தில் நிழல் என்று பொருள். மக்கள் போட்ட காசில் மக்களே நடத்திய மரத் திருவிழா. மரங்களைப் பார்த்தபடி நடப்பது, மரக் கதை சொல்வது, பாடுவது, வரைவது ஆகியவைதான் நிகழ்ச்சி நிரல். 2015-ல் சுல்தான்பாளையச் சாலையில் குழாய் உடைந்து குளமாகிக் கிடந்த பள்ளத்தில் ஓவியர் பாதல் நஞ்சுண்டசாமி ஒரு பொம்மை முதலையை மிதக்கவிட்டார். மனுக்களுக்கு அசையாத நிர்வாகம் முதலைக்கு அசைந்தது; பள்ளம் சரிசெய்யப்பட்டது.

எல்லாவற்றுக்கும் உச்சம் 2016 அக்டோபர் 16. பசவேஸ்வரா சர்க்கிளிலிருந்து ஹெப்பாள் வரை 6.7 கிலோமீட்டருக்கு இரும்பு மேம்பாலம், 1,791 கோடி ரூபாய், பலியாகும் மரங்கள் 812 என்று அரசின் திட்டம் வந்தபோது ஆயிரக்கணக்கானவர்கள் சாலையோரம் கைகோத்து நின்றார்கள். நடிகர் பிரகாஷ் பெலவாடி போன்ற நாடகக்காரர்கள் முன்னணியில் இருந்தார்கள். 2017 மார்ச்சில் அரசு திட்டத்தைக் கைவிட்டது. ஆனால் பின்னாளில் அதே ஹெப்பாளிலிருந்து சில்க் போர்டு வரை சுரங்கச் சாலை என்ற திட்டம் வந்தது. எதிர்ப்பாளர்கள் மறுபடி அட்டைகளை எழுத வேண்டியதாயிற்று.

பாட்டின் பலமும் பலவீனமும் இதுதான். தமிழ்நாட்டிலும் இதைப் பார்க்கலாம். கபேர் வாசுகி எழுதி டி.எம். கிருஷ்ணா பாடிய 'சென்னை புறம்போக்குப் பாடல்' 2017 ஜனவரியில் எண்ணூர்க் கழிமுகத்தின் சாம்பலுக்கு நடுவே ஒலித்தது. வசைச் சொல்லாகத் தேய்ந்திருந்த 'புறம்போக்கு', எல்லோருக்கும் பொதுவான நிலம் என்ற பழைய மதிப்பைத் திரும்பப் பெற்றது. எண்ணூர் என்று ஓர் இடம் இருப்பதையே அறியாதவர்கள் அதைப் பற்றிப் பேசினார்கள். ஆனால் 2023 டிசம்பர் வெள்ளத்தில் அதே கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோது மீனவர்களின் படகும் வலையும் பாழாயின. பாட்டு கூட்டத்தைச் சேர்க்கும். கூட்டம் கலைந்தபின் யார் அங்கே இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது மற்றதெல்லாம்.

பாரதியும் நாணலும்

கலையாமல் இருந்தவர்களுக்கு உதாரணம், தெற்கே ஜே.பி. நகரில் இருக்கும் புட்டேனஹள்ளி. சுமார் 13 ஏக்கர் ஏரி, குப்பைமேடாகக் கிடந்தது. எதிர்க் குடியிருப்பில் வசித்த எழுத்தாளர் உஷா ராஜகோபாலன் அதை மீட்கக் கிளம்பினார். நாவலாசிரியர், பாரதியின் கவிதைகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர். 2010-ல் அண்டை வீட்டாரோடு சேர்ந்து ஓர் அறக்கட்டளை அமைத்தார். அடுத்த ஆண்டு மாநகராட்சியோடு பராமரிப்பு ஒப்பந்தம். மழை மட்டும் போதாததால் அருகிலிருந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரும் ஏரிக்கு வந்தது. நாணலில் நீலத் தாழைக்கோழிகள் குடியேறின.

படிக்கச் சுலபமாக இருக்கும் இந்தக் கதையின் பின்னால் தினசரி வேலை இருக்கிறது. ஆகாயத் தாமரை ஒரு பருவம் விட்டால் ஏரியை மூடிவிடும். மிதக்கும் பிளாஸ்டிக்கை எடுக்க வேண்டும். தோட்டக்காரருக்கும் காவலாளிக்கும் மாதச் சம்பளம் கொடுக்க நன்கொடை தேட வேண்டும். ஒரு கவிதையை மொழிபெயர்ப்பவர் ஒரு சொல்லுக்காகப் பல நாள் காத்திருப்பார். அந்தப் பொறுமை இந்த வேலைக்கும் தேவைப்பட்டது.

வேலிக்கு வெளியே

மீட்ட ஏரிகளுக்கெல்லாம் வேலி வந்தது. நடைபாதை, திறக்கும் நேரம், செய்யக் கூடாதவற்றின் பட்டியல் எல்லாம் வந்தன. ஆக்கிரமிப்பைத் தடுக்க வேலி அவசியம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பட்டியலில் மாடு மேய்ப்பவரும் துணி துவைப்பவரும் சேர்ந்துவிட்டார்கள். பெங்களூரின் இயற்கை வரலாற்றை ஆராய்ந்து 2016-ல் 'நேச்சர் இன் த சிட்டி' என்ற நூலை வெளியிட்ட ஹரிணி நாகேந்திரா இதைத் தொடர்ந்து எழுதிவருகிறார். பிழைப்புக்காக ஏரியை நம்பியவர்கள் வெளியேற, உடற்பயிற்சிக்காக நடப்பவர்கள் உள்ளே வந்தார்கள் என்பது அவர் காட்டும் சித்திரம். அவரும் பங்கெடுத்துச் சர்ஜாபூர் சாலையில் மீட்கப்பட்ட கைகொண்டனஹள்ளி ஏரியில் மாட்டுக்குப் புல் அறுக்க இடமளித்தார்கள். ஏரி கெட்டுவிடவில்லை. புல் அறுபட்டதால் அந்தப் பராமரிப்புச் செலவுதான் மிச்சம்.

குப்பை விஷயத்திலும் இதே கதை. கிழக்கே மண்டூர் கிராமத்தில் நகரின் குப்பை மலையாகக் குவிந்தது. கிராமத்தார் லாரிகளை மறித்துப் போராடி 2014 இறுதியில் கொட்டுவதை நிறுத்தவைத்தார்கள். அப்போதுதான் நகரவாசிகளுக்குக் குப்பையைப் பிரிக்கும் ஞானம் பிறந்தது. ஆனால் தெருவில் காகிதமும் பாட்டிலும் பொறுக்கியவர்கள் அந்த வேலையை எந்த உத்தரவும் இல்லாமல் செய்துகொண்டிருந்தார்கள். 'ஹசிரு தள' அமைப்பின் முயற்சியில் அவர்களுக்கு மாநகராட்சி அடையாள அட்டை கிடைத்தது. 'கச ஷ்ரமிக பரிசர ரக்ஷக' என்ற சமுதாய வானொலி நிகழ்ச்சியில் அவர்களே மைக் பிடித்துப் பேசினார்கள். குப்பைத் தொழிலாளி சுற்றுச்சூழல் காவலர் என்று பொருள்படும் தலைப்பு. பட்டம் யாரும் கொடுக்கவில்லை, தாங்களே எடுத்துக்கொண்டார்கள்.

ஏரியும் பூங்காவும் வாய்க்காத ஜீவனஹள்ளி போன்ற பகுதிகளுக்கு இந்தக் கதையில் என்ன பங்கு? பதில் மொட்டை மாடியில் இருக்கலாம். மாடித் தோட்டத்தை இயக்கமாக்கிய வேளாண் விஞ்ஞானி டாக்டர் பி.என். விஸ்வநாத்தின் முயற்சிகளைத் தொடர்ந்து 2011-ல் 'ஊட்டா ஃப்ரம் யுவர் தோட்டா' என்ற சந்தை தொடங்கியது. உங்கள் தோட்டத்திலிருந்தே சாப்பாடு என்று அர்த்தம். விதையும் தொட்டியும் விற்பார்கள். சமையலறைக் கழிவைக் காய்ந்த இலையோடு சேர்த்து மட்கவைக்கும் விதத்தைச் சொல்லித்தருவார்கள். காய்கறித் தோல் தெருமுனைக்குப் போகாமல் தொட்டிக்குப் போனால் மண்டூர் போன்ற ஊர்களின் சுமை குறையும். தட்டில் கொஞ்சம் கீரையும் மிஞ்சும்.

ஒரு வாசற்படியில் நாலு தொட்டி வைப்பதால் பெல்லந்தூர் நுரை அடங்கிவிடாது. அதற்குக் கழிவுநீர் நிலையங்களும் கடுமையான அதிகாரிகளும் வேண்டும். ஆனால் ஏரியை மண்ணாகவும் புல்லாகவும் பூவாகவும் தினமும் தொட்டுக்கொண்டிருந்தவர்கள் விலகியபோதுதான் இந்த நகரம் தன் ஏரிகளைத் தொலைத்தது. மறுபடி தொடுவதற்கு ஓவியர்கள் வந்திருக்கிறார்கள், பாடகர்கள் வந்திருக்கிறார்கள். திகளருக்கும் குயவருக்கும் புல் அறுப்பவருக்கும் குப்பை பொறுக்குபவருக்கும் அதில் கூலியோடு ஓர் இடம் கிடைக்குமா என்பதுதான் இன்னும் தீராத வழக்கு.

தமிழ் அகராதியில் ஜீவனம் என்ற சொல்லுக்குப் பிழைப்பு என்று பொருள். நீர் என்றும் ஒரு பொருள் உண்டு. ஊர்ப் பெயரின் காரணம் எதுவானாலும், இரண்டு பொருளும் ஒன்றாக இருந்த காலத்தில்தான் பெங்களூரின் ஏரிகள் நிரம்பியிருந்தன. ஜீவனஹள்ளியின் சந்துகளில் இன்று அரிசி களைந்த தண்ணீர் மட்டும் அந்த உறவை நினைவில் வைத்திருக்கிறது. அதற்கு அபராதம் கிடையாது.